அம்மாவை நடக்க விடுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது. இப்போது கீமோ நடக்கிறது. எந்நேரமும் அசதி என்கிறார். அதனால் ஒரு வேலையும் செய்ய விடாமல் படுக்க வைத்திருக்கிறேன். கை வீங்கிவிடுமோ என்ற பயத்தில் இடது கையால் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தூக்க விடுவதில்லை. அம்மாவோ, "கொஞ்சம் நடந்துட்டு வரேனே" என்று கெஞ்சுகிறார். விடலாமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

அம்மா கேட்பதுதான் சரி. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நடக்க விடுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பாசத்தில்தான் படுக்க வைத்திருக்கிறீர்கள். ஆனால் கீமோ தரும் அசதி, உழைத்துக் களைத்த அசதி போன்றதல்ல. உழைத்த களைப்பு ஒரு ராத்திரி தூங்கினால் தெளிந்துவிடும். இது எவ்வளவு படுத்தாலும் தெளியாது. படுக்கப் படுக்கத் தசை கரைகிறது. தசை கரைந்ததால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குகிறதே என்று திரும்பவும் படுத்துவிடுகிறார்கள். இந்த அசதிக்கு நன்றாகப் பலன் தரும் வழிகளில் ஒன்று உடற்பயிற்சி. வாரம் மூன்று நாள், அரைமணி நேரம் வேகமாக நடப்பது போன்ற பயிற்சியை 8 முதல் 12 வாரம் செய்தால் அசதி, மனப்பதற்றம், மனச்சோர்வு மூன்றுமே குறையும் என்று புற்றுநோய் மருத்துவமும் விளையாட்டு மருத்துவமும் அறிந்த நிபுணர்கள் கூடி 2019-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. சிகிச்சை நடக்கும்போதே பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2022-இல் டாக்டர்களுக்கு எழுதியது.

அம்மா எடுத்த எடுப்பிலேயே அரைமணி நேரம் நடக்க வேண்டியதில்லை. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. நடக்கும்போது உங்களோடு பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட மட்டும் மூச்சு போதாமல் இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். கீமோ ஏறிய அடுத்த சில நாட்கள் உடம்பு துவண்டு கிடக்கும். அன்றைக்கு அறைக்குள் ஒரு சுற்று வந்தாலே பெரிது. அதற்காக அவரும் வருந்த வேண்டாம், நீங்களும் வற்புறுத்த வேண்டாம்.

இனி அந்த இடது கை. நெறிகளை எடுத்தவர் கனம் தூக்கினால் கை வீங்கும் என்று பல காலம் டாக்டர்களே சொல்லி வந்தார்கள். கனடாவில் 1996-இல் டான் மெக்கன்சி என்ற டாக்டர், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 24 பெண்களைத் துடுப்புப் படகில் ஏற்றிப் பயிற்சி கொடுத்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. பிறகு 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அதில் இருந்த 141 பெண்களுக்கும் ஏற்கெனவே கைவீக்கம் இருந்தது. அவர்களில் பாதிப் பேர், கைக்கு இறுக்க உறை போட்டுக்கொண்டு, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, வாரம் இரண்டு முறை எடை தூக்கினார்கள். வருட முடிவில் வீக்கம் திடீரென மோசமானவர்கள் எடை தூக்கியவர்களில் 14 சதவீதம், தூக்காதவர்களில் 29 சதவீதம். ஆகவே பாட்டிலை அம்மாவிடமே கொடுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். வீக்கத்தைவிட நான் அதிகம் பார்ப்பது இறுகிப்போன தோள்களைத்தான். கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசியில் சட்டையைத் தலைவழியாகக் கழற்ற முடியாமல் கண்கலங்கி வருவார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இது: சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஏறுவதுபோல் மேலே ஏற்ற வேண்டும். இழுக்கும் இடத்தில் நிறுத்தி, சற்று இருந்து, மெல்ல இறக்க வேண்டும். எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பத்து நாளில் அந்தக் கோடுகள் மேலேறியிருப்பதை அம்மாவே பார்ப்பார். எந்த மாத்திரையும் தராத தெம்பு அது. கனம் தூக்கும் பயிற்சியை மட்டும் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

காய்ச்சல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தாலும் அப்படியே. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான ஜிம், நீச்சல்குளம் ஆகாது. பாதம் மரத்துப்போயிருந்தால் மேடுபள்ளத்தில் நடக்க வேண்டாம். சில மருந்துகள் இதயத்தைத் தளர்த்தும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் சில அசைவுகள் கூடாது. அம்மாவுக்கு இந்த இரண்டில் ஏதேனும் உண்டா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

நடந்தால் நோய் திரும்பாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிகிச்சைக்குப் பிறகு வாரம் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கும் அளவுக்கு உடலை இயக்கிய பெண்களிடையே மரணம் குறைவாக இருந்ததை, 2,987 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2005-இல் சொன்னது. அது நடையால் மட்டுமே என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கீமோவுக்கு மாற்றாக நடையை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது, இரண்டு கைகளின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து தரச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதாவது இடது கை கனப்பதாகவோ, மோதிரமோ வளையலோ இறுகுவதாகவோ அம்மா சொன்னால், அந்த அளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டியிருக்கும்.