வெந்நீர் ஊற்றில் இறங்குவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எரிமலையே இல்லாத பகுதிகளிலும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவே, அந்த நீரைச் சூடாக்குவது எது?

பதில்: எரிமலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுகிறது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்குக் கசிந்து, அங்கே சூடேறி, ஆறிப்போவதற்குள் ஏதேனும் ஒரு பிளவின் வழியே விரைவாக மேலேறி வந்தால், அதுவே வெந்நீர் ஊற்று. இங்கிலாந்தின் பாத் நகரில் சுமார் 45 டிகிரியில் பொங்கும் ஊற்று இத்தகையது. இமயமலையில் மணிகரணின் நீர் கொதிநிலையை நெருங்கினாலும் அங்கும் எரிமலை கிடையாது. ஐஸ்லாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில்தான் பாறைக்குழம்பின் வெப்பம் மேற்பரப்புக்கு அருகிலேயே கிடைக்கிறது.

கேள்வி: மலைப் பயணங்களில் வழியோரத்தில் தென்படும் ஊற்றுகள் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கின்றன. காவலோ அறிவிப்போ இல்லாத இடத்தில் இறங்கிக் குளிக்கலாமா?

பதில்: தெளிவைக் கண்டுதான் அதிகம் அஞ்ச வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றில், நுண்ணுயிர்களும் வாழ முடியாத அளவுக்குச் சூடான நடுப்பகுதியே தெளிந்த நீலமாகத் தெரிகிறது; மஞ்சளும் ஆரஞ்சும் படர்ந்த விளிம்புகள், நீர் ஓரளவு ஆறியதால் அங்கே நுண்ணுயிர்கள் வளர்கின்றன என்பதையே காட்டுகின்றன. அப்பூங்காவின் ஊற்றுகளில் வெந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அவர்களுள் தவறி விழுந்தவர்களும் உண்டு. குளிக்கலாம் என்று எண்ணி நெருங்கியவர்களும் உண்டு. கரையோரத் தரை உறுதியாகத் தோன்றினாலும், கனிமம் படிந்து உருவான மெல்லிய ஓடாக இருக்கக்கூடும். அதன் அடியில் கொதிநீர் இருக்கும்.

ஆகவே, அப்பகுதி மக்கள் வழக்கமாகக் குளிக்கும் ஊற்று என்று உறுதியாகத் தெரியாத எதிலும் இறங்காதீர்கள். தெரிந்த ஊற்றிலும் விரல் நுனியை நனைத்துப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. நீர் புறப்படும் கண் குளத்தின் அடியில் இருந்தால், இரண்டடி தள்ளி வெப்பம் முற்றிலும் வேறாக இருக்கும். முந்தைய நாள் இதமாக இருந்த குளம் மறுநாள் அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சிறிய வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பல இடங்களில் விட்டுப் பார்ப்பது, என் கருத்தில், பயணப் பையில் இடம் பெற வேண்டிய பழக்கம்.

கேள்வி: எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பதில்: 40 டிகிரியை மேல் வரம்பாகக் கொள்ளுங்கள், பத்துப் பதினைந்து நிமிடங்கள் போதும். உடலைவிடச் சூடான நீரில் கழுத்தளவு அமர்ந்திருக்கும்போது வியர்வை ஆவியாக வழியில்லாததால், உடலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் தாழும் என்பதால், சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். முதலில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, பிறகு எழுவது நல்லது. மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. கர்ப்பிணிகளும், இதய நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தலையை நீரில் மூழ்கடிக்க வேண்டாம் என்று சில ஊற்றுகளில் எழுதி வைத்திருப்பது ஏன்?

பதில்: நெக்லேரியா ஃபௌலரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, மூக்கின் வழியே நீருடன் ஏறினால் மூளையைத் தாக்கும். இந்நோய் மிக அரிது. ஆனால், வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. மூக்கு நனையாமல் குளித்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய நீங்கிவிடும் என்பதால், அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தைகளை முங்கி விளையாட விடாதீர்கள்.

கேள்வி: அழுகிய முட்டை போன்ற நாற்றம் வந்தால் நீர் கெட்டுவிட்டது என்று பொருளா?

பதில்: இல்லை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் நாற்றம். திறந்த வெளியில் காற்று வீசும்போது பெரும்பாலும் தொல்லையில்லை. உங்கள் வெள்ளி நகைதான் கறுக்கும், கழற்றி வையுங்கள். அதே வாயு காற்றைவிடக் கனமானதால், குழிவான இடத்திலோ மூடிய அறையிலோ தேங்கினால் உயிருக்கே ஆபத்து. செறிவு மிகும்போது மூக்கு நுகரும் திறனை இழந்துவிடும் என்பதால், நாற்றம் திடீரென்று மறைந்தால் நிம்மதி அடையாமல் உடனே வெளியேறுங்கள்.

கேள்வி: ஊற்று நீரைக் குடித்தால் நோய் தீரும் என்கிறார்களே?

பதில்: சூடு தசை வலியையும் மூட்டு இறுக்கத்தையும் சிறிது நேரம் தணிக்கும், அதற்கு மேற்பட்ட வாக்குறுதிகளை நான் நம்புவதில்லை. ஆழத்துப் பாறைகளிலிருந்து ஆர்செனிக்கும் ஃப்ளோரைடும் கரைந்து வரக்கூடும் என்பதால், பரிசோதிக்கப்பட்டது என்று அறிவிக்கப்படாத ஊற்று நீரைக் குடிக்காதீர்கள்.