பிஎச்.டி. முதல் ஆண்டு: வகுப்பில் புரிகிறது, தாளில் எழுத வரவில்லை

கேள்வி: பொருளாதாரத்தில் பிஎச்.டி. சேர்ந்து இரண்டரை மாதம் ஆகிறது. எம்.ஏ.வில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். இங்கே வகுப்பில் கேட்கும்போது புரிவது போலத்தான் இருக்கிறது. ஆனால் வாராந்திர பிராப்ளம் செட்டை (வாராவாரம் போட்டுத் தர வேண்டிய கணக்குகளை) எடுத்து உட்கார்ந்தால் முதல் வரியே ஓடுவதில்லை. தினமும் ராத்திரி ஒரு மணி ஆகிவிடுகிறது. கணிதப் பட்டம் முடித்து வந்தவர்கள் சட்டென்று முடித்துவிடுகிறார்கள். புலம்பெயர் தொழிலாளர் பற்றி ஆராய வந்தேன், அதைத் தொடவே நேரமில்லை. ஆண்டுக் கடைசியில் பிரிலிம், அதாவது ஆராய்ச்சிக்குள் போகும் முன் தாண்ட வேண்டிய தகுதித் தேர்வு. தாக்குப்பிடிப்பேனா?

பதில்: ‘புரிவது போலத்தான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கல் முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது. ஒருவர் கரும்பலகையில் போடும் நிரூபணத்தைப் பின்தொடர்வது ஒரு வேலை. வெற்றுத்தாளில் அதை நாமே எழுதுவது முற்றிலும் வேறு வேலை. எம்.ஏ. வரை முதல் வேலைக்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. இங்கே இரண்டாவதற்குத்தான் கிடைக்கும். தனி நுகர்வோரையும் நிறுவனத்தையும் பார்க்கும் நுண்ணியல், முழுப் பொருளாதாரத்தைப் பார்க்கும் பேரியல், தரவை வைத்து அளக்கும் பொருளாதார அளவியல் மூன்றுமே அப்படித்தான். சந்தைகளில் தேவையும் அளிப்பும் பொருந்தி நிற்கும் சமநிலை என்றால் என்ன என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அது எந்த நிபந்தனைகளில் நிச்சயம் இருக்கும் என்று பொருளாதார அறிஞர்கள் ஆரோவும் டெப்ரூவும் 1954இல் காட்டினார்களே, அந்த மாதிரி வாதத்தை உங்கள் கையால் எழுதத்தான் இப்போது பழகுகிறீர்கள்.

பல ஆண்டுகளாக முதலாண்டு நுண்ணியல் தாள்களைத் திருத்துகிறேன். அடிக்கடி பார்க்கும் ஒரு விடையைச் சொல்கிறேன். கேள்வி எளிது: நுகர்வோர் கலவையைக் கண்டிப்பாக விரும்புபவர் (சமமாகப் பிடித்த இரண்டு வெவ்வேறு கூடைகளைவிட அவற்றின் கலவையை எப்போதும் மேலாக நினைப்பவர்) என்றால், அவருடைய வருமானத்துக்குள் அவருக்கு உகந்த கூடை, அதாவது வாங்கும் பொருள்களின் தொகுப்பு, ஒன்றுதான் இருக்க முடியும் என்று நிரூபிக்கவும். விடையில் சமநோக்கு வளைகோடு (அவருக்குச் சமமாகப் பிடித்த கூடைகளை இணைக்கும் கோடு) அழகாக வரைந்திருக்கும். வருமானம் முழுவதையும் செலவழித்து வாங்கக்கூடிய கூடைகளைக் காட்டும் பட்ஜெட் கோடு அதை ஒரு புள்ளியில் தொடும். கீழே ‘படத்திலிருந்து தெளிவு’ என்று முடிந்திருக்கும். மதிப்பெண் பாதிகூட வராது, ஏனென்றால் அந்தப் படம் இரண்டு பொருளுக்குத்தான். கேள்வி எத்தனை பொருளுக்கும் பொதுவாகக் கேட்டது.

எழுத வேண்டியது இவ்வளவுதான். உகந்த கூடைகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் உகந்தவை என்பதால் அவருக்கு இரண்டும் சமம். இரண்டையும் பாதிப்பாதி கலந்து மூன்றாவது கூடை செய்வோம். அதன் விலை முதல் இரண்டின் விலைக்கும் சராசரி, ஆகவே அதுவும் வருமானத்துக்குள் அடங்கும். அவர் கலவையைக் கண்டிப்பாக விரும்புபவர் என்பதால் மூன்றாவது கூடை இரண்டையும்விட மேலானது. அப்படியென்றால் முதல் இரண்டும் உகந்தவையே அல்ல. முரண்பாடு. முடிந்தது.

படித்தால் எல்லோரும் தலையாட்டுவோம். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னால், ‘வருமானத்துக்குள் அடங்கும்’ என்ற வரி பத்தில் நாலு தாளிலாவது காணாமல் போயிருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் நிரூபணமே இல்லை. கணிதம் படித்து வந்தவர்களிடம் நீங்கள் பார்க்கும் வேகம் இந்த மாதிரி வரிகளை விடாமல் எழுதும் பழக்கம்தான். பழக்கம் என்பதால் உங்களுக்கும் வரும். ஆனால் உட்காரும் நேரத்தைக் கூட்டினால் வராது, உட்காரும் விதத்தை மாற்ற வேண்டும்.

பிராப்ளம் செட் கைக்கு வந்த அன்றே எல்லாக் கேள்விகளையும் ஒருமுறை தனியாக முயலுங்கள். ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எந்த வரியில் நின்றுபோனீர்களோ அங்கே கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்புறம் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். முயன்று பார்க்காமல் குழுவுக்குப் போகவே கூடாது. போனால் வேகமானவர் எழுதுவார், மற்றவர்கள் காப்பி எடுப்பார்கள், எல்லோருக்கும் புரிந்த மாதிரியே இருக்கும். குழுவில் முடித்த விடையை ஒரு நாள் விட்டு, எதையும் பார்க்காமல் வெற்றுத்தாளில் திரும்ப எழுதுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். பிரிலிமில் நீங்கள் செய்யப்போவதும் இதையேதான். ராத்திரி பதினொன்றுக்கு மேல் உட்காருவதை நிறுத்திவிட்டு, பகலில் இதற்கு நேரம் கொடுங்கள்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது ‘ஒன்றும் புரியவில்லை’ என்று போகாமல், கோடு போட்ட அந்த வரியோடு போங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும். கணித அடித்தளம் ஆடுகிறது என்று தோன்றினால் எல்லாவற்றையும் படிக்கப் புறப்படாதீர்கள். கச்சிதக் கணம் (compact set), தொடர்ச்சி (continuity), குவிவு (convexity) என்ற இந்த மூன்று கணிதக் கருத்துகளையும் கெட்டியாகப் பிடித்தால் முதல் பருவத்தின் பெரும்பகுதி நகரும்.

பிரிலிமுக்கு உங்கள் துறையின் பழைய வினாத்தாள்களைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. சீனியர்களிடம் கேட்டு வாங்கி, தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்து கடிகாரம் வைத்து எழுதுங்கள். பெரும்பாலான துறைகளில் இரண்டாவது வாய்ப்பும் உண்டு. உங்கள் துறையின் விதியை இப்போதே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாக்குப்பிடிப்பேனா என்றும் கேட்டீர்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன். அமெரிக்காவில் 2002இல் 27 பொருளாதாரத் துறைகளில் பிஎச்.டி. சேர்ந்த 586 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், இரண்டே ஆண்டுகளில் நாலில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் விலகியிருந்தார்கள். 2007இல் பொருளாதார அறிஞர் சூசன் ஏதி உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், முதலாண்டு மதிப்பெண்ணுக்கும் பின்னால் கிடைத்த வேலைக்கும் தொடர்பு இருந்தது. ஆகவே ‘முதலாண்டு ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே ஆய்வில், சேர்க்கைக் குழு ஆரம்பத்தில் யாரை மேலாக மதிப்பிட்டது என்பதை வைத்துப் பின்னால் கிடைக்கப்போகும் வேலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. உள்ளே வரும்போது யார் முன்னால் நின்றார் என்று எண்ணி உங்களை நீங்கள் தேய்த்துக்கொள்ள வேண்டாம்.

தூக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எட்டு முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் எடுத்து 2018இல் வெளிவந்த ஆய்வில், ஆராய்ச்சி மாணவர்களில் 18 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது தீவிரமான மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் இருந்தன. இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டாலோ, காலையில் எழவே மனம் வராவிட்டாலோ, பல்கலைக்கழக மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். பிரிலிம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வாரத்தில் ஒரு பிற்பகலாவது தாளைத் தொடாமல் இருங்கள்.

சரி, புலம்பெயர் தொழிலாளர்? இந்த ஆண்டு அந்த ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டாம். ஆனால் கைவிடவும் வேண்டாம். ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, வாரம் ஒரு கருத்தரங்கில் பின்வரிசையில் உட்காருங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. பேசுபவர் என்ன தரவு வைத்திருக்கிறார், எந்த இடத்தில் கேள்வி கேட்டு மடக்குகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பொருளாதார அளவியலில் ஒரு புதிய முறை வரும்போதெல்லாம், ‘ஊரை விட்டுப் போனவரையும் போகாதவரையும் இதை வைத்து நேர்மையாக ஒப்பிட முடியுமா?’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிரிலிம் முடிந்த பிறகு, வழிகாட்டியைத் தேடிப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.