படுத்த பிறகு காப்புறுதி தேடலாமா?

கேள்வி: சிங்கப்பூர்க் குடிமகனான நான் 1985இல் பிறந்தவன். பக்கவாதத்தால் என் தாயார் ஈராண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். எனக்கும் அந்நிலை வந்தால் கேர்ஷீல்டு லைஃப் எனும் அரசாங்கத்தின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம் மட்டும் போதுமா? – வாசகர் ஒருவர், ஈசூன்

பதில்: 1980இலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்கு இத்திட்டம் கட்டாயம் என்பதால் நீங்கள் ஏற்கெனவே அதில் இருக்கிறீர்கள், சந்தாவை மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தே செலுத்தலாம். ஆனால் குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றையேனும் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாதபோதுதான், அந்நிலை நீடிக்கும்வரை, மாதந்தோறும் பணம் கிடைக்கும். 2020இல் 600 வெள்ளியாகத் தொடங்கிய அத்தொகை ஆண்டுதோறும் உயர்ந்து வந்தாலும், ஒருவர் பெறத் தொடங்கியதும் அவருக்குரிய தொகை அப்படியே நின்றுவிடும். பணிப்பெண் சம்பளம், அணையாடை, சிகிச்சைக்கான போக்குவரத்து என நீங்களே இப்போது கணக்குப் பார்ப்பவர் என்பதால், அது முழுச் செலவுக்கும் ஈடாகாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கேர்ஷீல்டு லைஃபுக்கு மேல் கூடுதலாக எடுக்கக்கூடிய தனியார் நிறுவனங்களின் துணைத்திட்டங்களில் சில, ஆறில் ஒன்றோ இரண்டோ இயலாமற்போனாலே பணம் தருகின்றன. அவற்றுக்கும் ஆண்டுக்கு 600 வெள்ளிவரை மெடிசேவிலிருந்து செலுத்தலாம். நீரிழிவோ இரத்த அழுத்தமோ பதிவாகிவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படக்கூடும் என்பதால், உடல் நன்றாக இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் எந்த நோயையும் மறைக்க வேண்டாம்.