இரட்டை எஞ்சின் படகு: எத்தனை பற்றரி, எந்தச் சுவிட்ச்?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பொல்கொட வாவியில் கட்டியிருக்கும் என் 24 அடி பைபர் படகில் 115 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின்கள் இரண்டு உள்ளன. கடல் அமைதியான மாதங்களில் பாணந்துறை முகத்துவாரம் வழியாக இறங்கி மீன்பிடிப்பதுண்டு. இரண்டு பற்றரிகளும், எஞ்சினுக்கு ஒன்றாக ‘1 – 2 – இரண்டும் – ஓஃப்’ என்ற சுழற்சுவிட்சுகளும் இருக்கின்றன. அண்மையில் எஞ்சின்களை நிறுத்தி நங்கூரமிட்டிருந்த சில மணி நேரத்தில் இரண்டு பற்றரிகளுமே இறங்கிவிட்டன. மூன்றாவது பற்றரி ஒன்று போட்டால் போதுமா, சுவிட்சுகளையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டும். பழைய சுவிட்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றாவது பற்றரியைச் சேர்த்தால், அடுத்த முறை மூன்றும் சேர்ந்து இறங்கும். உங்கள் சுழற்சுவிட்சுகள் ‘இரண்டும்’ என்ற நிலையில் இருந்திருக்க வேண்டும். அந்த நிலையில் இரு பற்றரிகளும் ஒரே பற்றரியாகிவிடுவதால், மீன் காட்டும் கருவியும் குளிர்பெட்டியும் இரு எஞ்சின்களின் ஸ்ராட்டருக்கும் உரிய மின்சாரத்தை ஒன்றாகவே உறிஞ்சியிருக்கின்றன. கடலில் ஒரு எஞ்சின் கைவிட்டால் மற்றது கரை சேர்க்கும் என்பதற்காகத்தான் இரண்டு எஞ்சின்கள் பூட்டுகிறோம். அவற்றின் மின்சாரம் ஒன்றாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே, எஞ்சினுக்கு ஒரு ஸ்ராட்டிங் பற்றரி வீதம் இரண்டும், மற்றெல்லா உபகரணங்களுக்குமாக, மெதுவாக நெடுநேரம் மின்சாரம் தரும்படி செய்யப்பட்ட டீப் சைக்கிள் பற்றரி ஒன்றும் வையுங்கள். மூன்றுக்கும் தனித்தனியே சாதாரண ‘ஒன் – ஓஃப்’ சுவிட்ச் பூட்டுங்கள். நான்காவதாக, இரு ஸ்ராட்டிங் பற்றரிகளின் சுற்றுகளுக்கும் நடுவே அவசரத்துக்கு மட்டும் ஓர் இணைப்புச் சுவிட்ச் வேண்டும். அது எப்போதும் ஓஃப் நிலையிலேயே இருக்க வேண்டும்.

இந்த அவசரச் சுவிட்சை எங்கே இணைக்கிறோம் என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. பற்றரி முனைகளில் நேரடியாக இணைத்தால், உள்ளே ஷோர்ட் ஆகிச் செத்த பற்றரி நல்ல பற்றரியையும் தன்னோடு இழுத்துவிடும். ஒவ்வொரு ஒன் – ஓஃப் சுவிட்சுக்கும் பற்றரிப் பக்கம், எஞ்சின் பக்கம் என இரு முனைகள் உண்டு. அவசரச் சுவிட்சை எஞ்சின் பக்க முனைகளுக்கு இடையில் பூட்டினால், கெட்ட பற்றரியை முற்றாக ஓஃப் செய்துவிட்டு, நல்ல பற்றரி ஒன்றாலேயே இரு எஞ்சின்களையும் ஸ்ராட் செய்யலாம். அப்படி ஸ்ராட் செய்தபின் கரை வரும்வரை அவசரச் சுவிட்சை ஓஃப் செய்ய வேண்டாம். ஓடும் எஞ்சினிலிருந்து பற்றரி துண்டிக்கப்பட்டால் அல்ரனேற்றரின் வோல்ற்றளவு ஒரு கணம் மிக உயர்ந்து, அதன் டயோட்டுகளும் பிற மின்னணுக் கருவிகளும் எரிந்துபோகக்கூடும். எஞ்சின் ஓடும்போது எந்த எஞ்சின் சுவிட்சையும் ஓஃப் செய்யக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

மூன்றாவது பற்றரிக்குச் சார்ஜ் ஏற, வி.எஸ்.ஆர் என்று விற்கப்படும் றிலே ஒன்றை ஒரு ஸ்ராட்டிங் பற்றரிக்கும் அதற்கும் இடையே பூட்டுங்கள். எஞ்சின் ஓடி ஸ்ராட்டிங் பற்றரியின் வோல்ற்றளவு ஏறத்தாழ 13.3 முதல் 13.7 வரை ஏறியதும் இது தானாக இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் தானாகப் பிரிக்கும். துல்லியமான எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இரு எஞ்சின்களிலும் வி.எஸ்.ஆர் பூட்டுவோரும் உளர். நான் ஒரு எஞ்சினோடு நிறுத்திக்கொள்ளவே சொல்வேன். சார்ஜ் சற்று மெதுவாக ஏறினாலும், மற்ற எஞ்சின் எதனுடனும் தொடர்பின்றித் தனித்திருக்கும். சில எஞ்சின்களில் இரண்டாம் பற்றரிக்கென்றே தனிச் சார்ஜ் வயர் வருகிறது. உங்கள் எஞ்சினின் கையேட்டில் அதைத் தேடிப் பாருங்கள், இருந்தால் வி.எஸ்.ஆர் தேவைப்படாது.

பொசிட்டிவ் பக்கம் எவ்வளவு பிரிந்திருக்கிறதோ, நெகட்டிவ் பக்கம் அவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும். மூன்று பற்றரிகளின் நெகட்டிவ் முனைகளையும், இரு எஞ்சின்களின் நெகட்டிவ் கேபிள்களையும், ஸ்ராட்டர் கேபிளுக்கு நிகரான தடிப்புள்ள கேபிளால் ஒன்றாக்குங்கள். இது இல்லாத படகில் அவசரச் சுவிட்சைப் போட்டு ஸ்ராட் செய்தால், நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் திரும்பும் வழி தேடி மீற்றர்களின் மெல்லிய வயர்களுக்குள் பாய்ந்து அவற்றை எரித்துவிடும்.

படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் தானியங்கி வயரை மட்டும் எந்தச் சுவிட்சின் வழியாகவும் கொண்டுபோகாமல், பம்பில் குறித்திருக்கும் அளவுள்ள பியூஸுடன் மூன்றாவது பற்றரியில் நேரடியாக இணையுங்கள். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழையில் ஆளில்லாமல் கட்டிக்கிடக்கும் படகைக் காப்பது அந்தப் பம்புதான். இரவெல்லாம் இறைத்து மூன்றாவது பற்றரி இறங்கினாலும் எஞ்சின்கள் ஸ்ராட் ஆகும். ஸ்ராட்டர் கேபிள் தவிர்ந்த ஏனைய பொசிட்டிவ் வயர்களுக்கு, பற்றரியிலிருந்து சுமார் 18 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் வர வேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தரங்களை வகுக்கும் ஏ.பி.வை.சி. அமைப்பின் பொது விதி; வி.எஸ்.ஆருக்குச் செல்லும் வயருக்கு இரு முனைகளிலும் பியூஸ் வேண்டும்.

மூன்றாவது பற்றரியின் அளவைக் கணக்கிடுவது எளிது. மீன் காட்டும் கருவி 2 அம்பியர், சிறு குளிர்பெட்டி சராசரி 3, இரை மீன் தொட்டியின் பம்பு 3, காத்திருக்கும் ரேடியோ அரை அம்பியர் என்று வைத்தால் மொத்தம் எட்டரை. ஐந்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 43 அம்பியர்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 100 அம்பியர்-மணிப் பற்றரி உங்களுக்குப் பொருந்தும். ஸ்ராட்டிங், டீப் சைக்கிள் என்று பயன் வேறுபட்டாலும், மூன்றும் ஒரே இரசாயன வகையைச் சேர்ந்த ஈயப் பற்றரிகளாக இருக்கட்டும். லித்தியம் பற்றரியை இந்த வி.எஸ்.ஆரில் பூட்ட வேண்டாம். அதற்கு, ஒரு பற்றரியிலிருந்து மற்றதற்குக் கட்டுப்பாட்டோடு சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் தனியாக வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் லொறிக்கென விற்கும் பற்றரிச் சுவிட்சுகள் விலை குறைந்தவை. ஆனால் பெற்றோல் தாங்கி இருக்கும் அறைக்குள் பூட்டும் சுவிட்சும் றிலேயும், தம் தீப்பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டவை என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும்; இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கேபிள்கள் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியாக இருக்கட்டும், பூசாத செம்பை உப்புக் காற்று உறைக்குள்ளேயே பச்சையாக்கி அரித்துவிடும்.

வேலை முடிந்ததும், கரையை விடுமுன் மல்டிமீற்றரால் சோதியுங்கள். ஓய்விலிருக்கும் நிறைந்த பற்றரி ஏறத்தாழ 12.7 வோல்ற் காட்டும். வி.எஸ்.ஆர் உள்ள எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் அதன் பற்றரி 13.5க்கு மேலே செல்ல வேண்டும், சற்று நேரத்தில் மூன்றாவது பற்றரியும் ஏற வேண்டும். மற்ற எஞ்சினின் பற்றரி அதே 12.7இல் அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் ஏறினால் எங்கோ இரு சுற்றுகளும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவசரச் சுவிட்ச் ஓஃப் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு பழைய சுவிட்சுகளிலிருந்து கழற்றாமல் விட்ட வயர் உண்டா என்று தேடுங்கள்.