கோல்ஃப் கார்ட்டுக்கு லித்தியம் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். எங்க வண்டி 48 வோல்ட், 8 வோல்ட் ஈய பேட்டரி ஆறு இருக்கு. வாங்கி நாலு வருஷம் ஆகுது. இப்பல்லாம் பாதி நாள் ஓடினாலே மேடு ஏற திணறுது. லித்தியம் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க, பழசைக் கழட்டிட்டு அப்படியே மாட்டிடலாமா?

பதில்: மாட்டலாம், ஆனா அப்படியே மாட்டக்கூடாது. அதுக்கு முன்னாடி திணறறதுக்குக் காரணம் பேட்டரிதானான்னு பாத்துடுங்க. ஃபுல் சார்ஜ் போட்டு, சார்ஜரை எடுத்துட்டு, சில மணி நேரம் சும்மா விட்டு, ஆறையும் தனித்தனியா மல்டிமீட்டர்ல பாருங்க, நல்ல 8 வோல்ட் பேட்டரி 8.4-க்கு மேல காட்டும். அப்புறம் வண்டி மேடு ஏறும்போது எதுல வோல்ட் சடசடன்னு இறங்குதுன்னு பாருங்க. பிரேக் ஒட்டிக்கிட்டு சுத்தினாலும், டயர்ல காத்து கம்மியா இருந்தாலும், கேபிள் முனையில இருக்கற லக் லூசா இருந்து சூடானாலும் வண்டி இதே மாதிரிதான் திணறும், அதுக்குப் போய் லித்தியம் வாங்கினா காசுதான் வீண். ஒரு பேட்டரி மட்டும் செத்திருக்குன்னா அதை மட்டும் மாத்தத் தோணும், ஆனா நாலு வருஷ பழசு அஞ்சோட சேந்தா புதுசும் சீக்கிரமே படுத்துடும். எப்படியும் ஆறையும் மாத்தற நிலைமைன்னா லித்தியத்துக்குப் போக இதுதான் சரியான நேரம். ஈய பேட்டரி ஒண்ணு 28, 29 கிலோ இருக்கும், ஆறும் சேந்து 170 கிலோ. 100 ஆம்ப் ஹவர் லித்தியம் பேக் சுமார் 50 கிலோதான். ரெண்டு ஆள் இறங்கின மாதிரி வண்டி லேசாயிடும், டிஸ்டில்டு வாட்டர் ஊத்தற வேலையும் இல்ல.

கேள்வி: பழைய பேட்டரி 170 ஆம்ப் ஹவர். கடைல காட்டற லித்தியம் 105 தான். இது எப்படிங்க போதும்?

பதில்: ஈய பேட்டரிய பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறைஞ்சிடும், அதனால 170-ல நீங்க நிம்மதியா எடுக்கறது 85. அந்த 170-ங்கறதும் 20 மணி நேரமா மெதுவா இறக்கிப் பாத்த கணக்கு, வண்டி கரண்டை அள்ளி அள்ளி எடுக்கும்போது அவ்வளவு கிடைக்காது. லித்தியம்ல 80, 90 சதவீதம் தைரியமா எடுக்கலாம், வேகமா எடுத்தாலும் பெருசா குறையாது. 48 வோல்ட்னு விக்கற லித்தியம் பேக் உண்மையில 51.2 வோல்ட், அதை 105-ஆல பெருக்கினா 5.4 கிலோவாட் ஹவர் வருது, அதுல 80 சதவீதம் எடுத்தாலே 4.3, பழசுல பாதி 4.1 தான். ஓட்டற தூரத்துக்கு 105 தாராளம், நான் பயப்படறது அதுக்கு இல்ல, அடுத்த கேள்வியில வர்றதுக்கு.

கேள்வி: புது லித்தியம் போட்டாச்சு. சமதரைல நல்லா பறக்குது, ஆனா நாலு பேர் உக்காந்து மேடு ஏறினா நடுவுல டப்புன்னு நின்னுடுது, கொஞ்ச நேரம் கழிச்சு தானா உயிர் வருது. பேட்டரி டூப்ளிகேட்டா?

பதில்: டூப்ளிகேட்னு சொல்ல முடியாது, வண்டிக்குப் பொருந்தாத பேட்டரியா இருக்க வாய்ப்பு அதிகம். லித்தியம் பேக்குக்குள்ள பிஎம்எஸ்னு ஒரு காவல்கார போர்டு இருக்கும், அதுக்குக் குடுத்த அளவைத் தாண்டி கரண்ட் போனா மொத்தமா வெட்டிடும். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடற கோல்ஃப் கார்ட் கண்ட்ரோலர் பல வண்டில 300, 400 ஆம்ப் வரைக்கும் இழுக்கும், சோலார்க்குன்னு செஞ்ச 100 ஆம்ப் பிஎம்எஸ் வெச்ச பேக்கை இதுல போட்டா மேட்டுல வெட்டாம என்ன பண்ணும்? எல்லாரும் ஆம்ப் ஹவரையே பாத்து வாங்கறாங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா மேட்டு நடுவுல ஆளோட வண்டி செத்துப் போறது விளையாட்டு இல்ல, கால் பிரேக் ஒண்ணுதான் அப்ப துணை. கண்ட்ரோலர் மேல எழுதியிருக்கற ஆம்பைக் குறிச்சுக்குங்க, பேக்கோட தொடர் கரண்ட் எவ்வளவு, உச்ச கரண்ட் எவ்வளவு, அந்த உச்சம் எத்தனை செகண்டுன்னு மூணையும் எழுத்துல கேளுங்க. இதே பேக் இன்னொண்ணை, அதே மாடலா பாத்து, விக்கறவர் ஒத்துக்கிட்டா பேரலல்ல சேத்தாலும் சரியாகும்.

சாவி போட்ட உடனே வெட்டுதுன்னா அது வேற கதை. கண்ட்ரோலர் உள்ள பெரிய கெப்பாசிட்டர்ங்க காலியா இருக்கும்போது சோலனாய்டு, அதாவது பேட்டரியைக் கண்ட்ரோலரோட சேக்கற பெரிய சுவிட்ச், சேந்தா ஒரு நொடி பெரிய கரண்ட் பாயும், பிஎம்எஸ் அதை ஷார்ட்னு நினைச்சுடும். சோலனாய்டுக்குக் குறுக்கால, கெப்பாசிட்டரை முன்னாடியே மெதுவா நிரப்பற ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் இருக்கா, எரிஞ்சு போயிருக்கான்னு பாருங்க.

கேள்வி: பழைய சார்ஜரையே வெச்சுக்கலாமா?

பதில்: வேணாம். 16 செல் சீரிஸ்ல இருக்கற லித்தியம் பேக்குக்கு உச்சம் 58.4 வோல்ட், செல்லுக்கு 3.65. ஈய பேட்டரி சார்ஜர் சிலது எல்லா செல்லையும் சமப்படுத்தற ஈக்வலைஸ்னு சொல்லி 60 வோல்ட்டைத் தாண்டும், அப்பல்லாம் பிஎம்எஸ் வெட்டித்தான் காப்பாத்தணும். தினமும் அதை நம்பி ஓட்டறது தப்பு. சார்ஜர்லயே லித்தியம் செட்டிங் இருந்தா சரி. கிளப் கார்ங்கற கம்பெனியோட பழைய 48 வோல்ட் வண்டின்னா ஆன்போர்டு கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்கும், சார்ஜிங்கை அதுதான் நடத்தும், அதை பைபாஸ் பண்ணாம புது சார்ஜர் ஒழுங்கா வேலை செய்யாது. இன்னொண்ணு, செல் 0 டிகிரிக்குக் கீழ குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது, உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு செல் கெட்டுடும், அது திரும்ப சரியாகாது.

கேள்வி: 12 வோல்ட் லித்தியம் நாலு வாங்கி சீரிஸ்ல போட்டா மலிவா வருதே?

பதில்: எனக்குப் பிடிக்காது. நாலுக்கும் தனித்தனி பிஎம்எஸ், ஒண்ணு வெட்டினா மொத்த வண்டியும் நின்னுடும், வெட்டின அந்த ஒண்ணு மேல மொத்த வோல்ட்டும் விழும். ஒரே 48 வோல்ட் பேக்கா வாங்குங்க.

கேள்வி: எங்க இடம் உச்சில இருக்கு. ஃபுல் சார்ஜோட இறங்கினா மோட்டார் பிரேக் திடீர்னு விடுது, ஏன் அண்ணா?

பதில்: இறக்கத்துல மோட்டார் கரண்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புது, அதுதான் உங்களுக்கு பிரேக் மாதிரி தெரியுது. பேட்டரி நிறைஞ்சிருந்தா பிஎம்எஸ் உள்ள வாங்காது, வோல்ட் ஏறி கண்ட்ரோலர் ஃபால்ட் ஆயிடும், பிடிப்பும் போயிடும். உடனே செய்ய வேண்டியது, 90 சதவீதத்துல சார்ஜை நிறுத்திட்டு இறங்குங்க. கால் பிரேக்கை நல்ல நிலைமைல வெச்சுக்குங்க. சீரிஸ் மோட்டார்ங்கற பழைய வகை மோட்டார் வெச்ச வண்டில இந்தத் திருப்பி அனுப்பற வேலையே கிடையாது, அவங்க கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: சார்ஜ் மீட்டர் எப்பவும் ஃபுல்லுனே காட்டுது. ஹெட்லைட்டுக்கு 12 வோல்ட் எங்கேருந்து எடுக்கறது?

பதில்: லித்தியம்ல வோல்ட் கடைசி வரைக்கும் அசையாம நிக்கும், அதனால வோல்ட் பாக்கற மீட்டர் ஏமாத்தும். ஷன்ட்னு கரண்ட் போற வழியில மாட்டற அளவுத் துண்டு வெச்சு, உள்ள வர்ற, வெளிய போற கரண்டை எண்ணற மீட்டர் போடுங்க. லைட்டுக்கு 48-லேருந்து 12-க்கு வோல்ட்டை இறக்கற டிசி டிசி கன்வெர்ட்டர் போடுங்க.

கேள்வி: லித்தியம் வெடிக்கும்னு வீட்ல பயப்படறாங்க. நானே மாத்தலாமா?

பதில்: எல்லா லித்தியமும் ஒண்ணு இல்ல. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னு கேட்டு வாங்குங்க. 1997-ல ஜான் குடினஃப் குழு வெளியிட்ட வேதியியல் அது, ஃபோன்ல வர்ற வகையைவிட சூட்டுக்கு நல்லா தாங்கும். அதுக்காக நசுங்கினதையோ தண்ணி போனதையோ போட்டுடாதீங்க. மாத்தறதுன்னா மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க, வண்டியை இழுத்துட்டுப் போகவும் ஓட்டவும் மாத்தற டோ-ரன் சுவிட்ச் இருந்தா டோல வைங்க, மெயின் நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, ஸ்பானர் பிடிக்கு டேப் சுத்துங்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கண்டிப்பா போடுங்க. ட்ரேல படிஞ்ச ஆசிட்டை சோடா உப்பு தண்ணில கழுவி, காய விட்டு, துரு இருந்தா பெயின்ட் அடிச்சுட்டு அப்புறம் பேக்கை இறக்குங்க. சின்ன பேக்கா இருந்தா ட்ரேல ஆடும், அசையாம பட்டி போட்டு முடுக்குங்க. கழட்டின ஈய பேட்டரிய முறையா ரீசைக்கிள் பண்றவங்ககிட்ட மட்டும் குடுங்க, அதுல ஆசிட்டும் ஈயமும் இருக்கு.