நீல எல்இடி பட்டையை வைத்து ஆல்டிஹைடு தயாரிக்க முடியுமா?

கேள்வி: சின்னக் கல்லூரியில் எம்.எஸ்சி வேதியியல். கண்ணுக்குத் தெரியும் ஒளியால் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கும் ப்ராஜெக்ட் எடுக்கலாமா? ஒளி பாய்ச்சி வினை நடத்தும் ஒளி உலை எதுவும் இல்லை.

தாராளமாக எடுங்கள். "இதுக்கெல்லாம் பெரிய லேப் வேணும்" என்று உங்கள் கைடு சொல்லியிருப்பார். எனக்கும் அதேதான் சொன்னார்கள்.

நான் செய்தது திருநெல்வேலியில். ஜங்ஷனில் சீரியல் லைட் கடையில் நீல எல்இடி பட்டை ஐந்து மீட்டர் கேட்டதும், "எந்தக் கோயில்ல கொடை, தம்பி?" என்றார் அண்ணாச்சி. வீட்டில் முறுக்கு வைக்கும் எவர்சில்வர் சம்படத்தின் உள்பக்கம் பட்டையைச் சுற்றி ஒட்டி, நடுவில் குடுவையை வைத்தேன். ஒளி உலை தயார்.

வினையூக்கி ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின். நீல ஒளி பட்டதும் அது 4-மீத்தாக்சி பென்சைல் ஆல்கஹாலிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். ஹைட்ரஜனும் போய் ஆல்டிஹைடு மிஞ்சும். ஒடுக்கமடைந்த ஃபிளேவினைக் காற்றின் ஆக்சிஜன் பழையபடி ஆக்கிவிடும். வழக்கமான முறையில் வரும் குரோமியம் கழிவுத் தொல்லை இல்லை.

ஆனால் என் குடுவையில் மஞ்சள் நிறமே வெளுத்துப்போனது. ரைபோஃபிளேவின் வெளிச்சத்தில் தானும் சிதைகிற சாமான். அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து டெட்ரா அசெட்டேட்டாக மாற்றியபின் தாக்குப்பிடித்தது. அப்புறம் சூடு. மே மாத வெயில், அடைத்த சம்படம், கரைப்பான் வற்றியது. மூடியில் ஓட்டை போட்டு பழைய கம்ப்யூட்டர் ஃபேனைப் பொருத்தினேன். மே என்றதும் ஞாபகம் வருகிறது: இன்று கௌரவ விரிவுரையாளரான எனக்கு அந்த மாதம் சம்பளம் கிடையாது. வீட்டுக்காரர் என்ன பதினோரு மாத வாடகையா வாங்குகிறார்? சரி, விடுங்கள்.

மறுநாள் மூடியைத் திறந்ததும் பெருஞ்சீரக வாசனை, அந்த ஆல்டிஹைடின் வாசனைதான். (வேண்டுமென்று முகரவில்லை, பாதுகாப்புப் பாடம் எடுக்க வராதீர்கள்.) ஆல்டிஹைடைக் காட்டிக்கொடுக்கும் 2,4-டிஎன்பி கரைசலை விட்டதும் ஆரஞ்சு வீழ்படிவு. அலமாரி இருட்டில் வைத்த ஜோடிக் குடுவையில் ஒன்றும் இல்லை. "கல்யாண வீட்டு லைட்டா?" என்று சிரித்த வெளித் தேர்வாளர் அந்த இருட்டுக் குடுவையைப் பார்த்துத்தான் அடங்கினார். 2008-இல் வேதியியலாளர் மேக்மில்லனின் குழு ஆல்டிஹைடில் கிளை சேர்த்தது வீட்டு 15 வாட் பல்பில் என்று சொல்ல வாய் வரை வந்தது. மதிப்பெண் அவர் கையில், விழுங்கிவிட்டேன்.

எல்லா ஆல்கஹாலுக்கும் இது ஓடும் என்று நான் சொல்லவில்லை. மீத்தாக்சி தொகுதி இருப்பதால்தான் எலக்ட்ரான் சுலபமாகப் பறிபோகிறது. வெறும் பென்சைல் ஆல்கஹால் அவ்வளவு இணங்காது.

பட்டை வாங்கும்போது 12 வோல்ட் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். நான் அதற்காகத் திரும்ப பஸ் ஏறினேன்.