கீழே வகுப்பு, மேலே படுக்கை

தம்பி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். "யூடவுன் வளாகத்தில் இருக்கும் ரெசிடென்ஷியல் காலேஜில் சேரலாமா, இல்லை சாதா ஹால் போதுமா? தங்குகிற இடத்தில் எதற்குத் தனியாகப் பாடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான் வந்தபோது வீட்டில் அப்பா கேட்டதும் இதேதான்.

ரெசிடென்ஷியல் காலேஜ் என்றால் பாடமும் சேர்ந்த மாணவர் விடுதி, ஹால் என்றால் பாடம் இல்லாத விடுதி. முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்தப் பாடங்கள் கூடுதல் சுமை இல்லை. என் காலத்தில் இரண்டு வருடத்தில் 5 பாடங்கள். எப்படியும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களுக்குப் பதிலாக அவை கணக்கில் வந்துவிட்டன. இப்போதைய எண்ணிக்கையை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு போக்கு உண்டு. கேப்ட் என்ற காலேஜ் என்றால் சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்வது. டெம்புசு என்று இன்னொரு காலேஜ் இருக்கிறது, அந்தப் பெயருள்ள மரம் 5 டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கும், வந்ததும் பாருங்கள். நான் இருந்தது ஆர்சி4 என்ற காலேஜில். அங்கே 'சிஸ்டம்ஸ் திங்க்கிங்', அதாவது எது எதைத் தூண்டுகிறது, அது திரும்பி வந்து எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்து யோசிப்பது. ஏழு மணிக்குச் சாப்பாட்டு வரிசை நீளம் என்று எல்லோரும் ஆறரைக்கே போக, ஆறரை வரிசை நீண்டுவிடும். அதையும் ஒருவன் டிஷ்யூ தாளில் வரைந்து காட்டினான்.

வகுப்பு கீழே, படுக்கை மேலே. செருப்போடு இறங்கிப் போய் உட்காரலாம். ஆனால் வகுப்பில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள், ஒளிய இடமில்லை. முதல் வாரம் நான் வாயே திறக்கவில்லை. நம் ஊரில் வாத்தியார் பேசும்போது குறுக்கே பேசாதவன்தானே நல்ல பையன்! அந்த வாரம் ஓர் இரவு சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்தால், எதிரே அதே ஆசிரியர். ஆசிரியர்களில் சிலர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருப்பார்கள். அவர், "காலையில் ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டாயே, என்ன அது?" என்றார். சோறு ஆறிப்போகும்வரை பேசினோம். அடுத்த வகுப்பில் என் கை தானாக எழுந்தது.

இது உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. விளையாட்டு, நாடகம் என்று ஓடுகிறவர் என்றால் ஹாலுக்கே போங்கள். அங்கே அடுத்த வருடமும் அறை கிடைக்க அந்த மாதிரி ஈடுபாட்டுக்குத்தான் புள்ளிகள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்தால்தான் ஏறும் என்றால் இரண்டுமே வேண்டாம், வெளியே அறை பாருங்கள். வாடகை கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதான்.

அறைக்கு ஏசி அவசியமில்லை. திருச்சி வெயிலைப் பார்த்தவருக்கு மின்விசிறி போதும்.

காலேஜில் சேர்ந்தால் சாப்பாடு காலையும் இரவும் கட்டாயம், பணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும். சனி இரவும் ஞாயிறு காலையும் மட்டும் கிடையாது. அந்த நேரம் கென்ட் ரிட்ஜில் ரயில் ஏறி, ஹார்பர்ஃபிரண்டில் மாறி, நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் லிட்டில் இந்தியாவின் தேக்கா போய்விடுங்கள். மற்ற நாள் சமாளிக்கப் பருப்புப் பொடி ஒரு கிலோ கொண்டுவாருங்கள். நெய் வேண்டாம், அங்கே முஸ்தபா என்ற பெரிய கடையில் கிடைக்கும்.